அதிகமா, மிக அதிகமா?

பேச்சுப் போட்டியில் கோப்பை வாங்கியவனிடம் எந்த வேலையை வேண்டுமானாலும் கொடுக்கலாம், கேள்வித்தாள் எழுதும் வேலையை மட்டும் கொடுக்கவே கூடாது. கேள்வி கேட்கிறவனுக்குக் காது வேண்டும். எனக்கு இருந்தது வாய். அதுவும் சாதாரண வாய் இல்லை, கல்லூரி ஆண்டு விழாவில் மைக் இல்லாமலேயே கடைசி வரிசைக்குக் கேட்ட வாய்.

எழுபதுகளின் பிற்பகுதி. முள்ளிப்பட்டில் எங்கள் வம்சத்திலேயே முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போய், விடாமல் கல்லூரிக்கும் போய், பொருளாதாரத்தில் பி.ஏ. வாங்கியவன் நான். (வம்சம் என்று பெரிதாகச் சொல்கிறேன். தாத்தாவுக்கு மேலே யார் பெயரும் எங்களுக்குத் தெரியாது.) வேலூரில் ஓர் அலுவலகத்தில் தற்காலிக வேலை கிடைத்தது. நெசவாளர்கள் வீட்டுக்குள் குழித்தறி போட்டு நெய்வதை மாற்றி, ஊருக்கு வெளியே பெரிதாக ஒரு பொதுக்கூடம் கட்டி, எல்லோரும் அங்கே வந்து நெய்யச் செய்யலாமா என்று அந்த அலுவலகம் யோசித்துக்கொண்டிருந்தது. கட்டுவதற்கு முன் ஜனங்களை ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று பெரிய அதிகாரிக்கு நல்ல எண்ணம். கெட்ட எண்ணமாக இருந்திருந்தால் நேராகக் கட்டியிருப்பார், என் தலையும் தப்பித்திருக்கும்.

"நீ தறிக்காரர் வீட்டுப் பையன். கேள்வியெல்லாம் நீயே எழுதிடு" என்றார்.

எழுதினேன். இரவெல்லாம் விழித்து எழுதினேன் என்று சொன்னால் நன்றாக இருக்கும். உண்மையில் ஒரு மத்தியானத்தில், பொங்கிப் பொங்கி வந்தது. முதல் கேள்வி இது: 'நல்ல வெளிச்சமும் தூய காற்றும் நிறைந்த பொதுக்கூடத்தில் நெய்து முன்னேற விரும்புகிறீர்களா, அல்லது இருண்ட வீட்டிலேயே முடங்கிக் கிடக்கப் போகிறீர்களா?'

இன்னொன்று: 'காலத்துக்கேற்ப மாற வேண்டும் என்று அறிஞர்கள் கூறுவதைத் தாங்களும் ஒப்புக்கொள்கிறீர்கள் அல்லவா?' (எந்த அறிஞர் என்று யாராவது கேட்டிருந்தால் மாட்டிக்கொண்டிருப்பேன்.)

எனக்கே மிகவும் பிடித்த கேள்வி வேறு: 'வீட்டுத் தறியின் இரைச்சலால் குடும்பத்தினருக்கு ஏற்படும் தொல்லை: அதிகமா, மிக அதிகமா?' இரண்டு கட்டம் போட்டு, ஒன்றில் டிக் அடிக்கும்படி அமைத்திருந்தேன். மூன்றாவதாக ஒரு கட்டம் இருக்கலாம் என்பதே தோன்றவில்லை.

அதிகாரி படித்துப் பார்த்துவிட்டு, "கவிதை மாதிரி இருக்குப்பா" என்றார். அந்த வாரம் முழுக்க நான் தரையில் நடக்கவில்லை.

எங்கள் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. காலையில் தறியில் உட்கார்ந்து குறுக்கு நூலோடு முதல் நாடா ஓடிவிட்டால், வெயில் வாசலுக்கு வரும்வரை வீட்டில் யார் வாயிலும் 'இல்லை' என்ற சொல் வரக் கூடாது. நூல் தீர்ந்திருந்தாலும் 'நிறைஞ்சிருக்கு' என்பார்கள். கடன் கேட்டு வருகிறவன்கூட அந்த நேரத்தில் வர மாட்டான். அதே தெருவில் பிறந்து வளர்ந்த நான், 'காலையில் போனால்தான் எல்லோரும் வீட்டில் இருப்பார்கள்' என்று கணக்குப் போட்டு, விடிந்தும் விடியாமலும் அதிகாரியை ஜீப்பில் கூட்டிக்கொண்டு தெருவில் இறங்கினேன்.

ஒரு வீட்டிலும் 'இல்லை' வரவில்லை. முன்னேற விருப்பமா? "ஆமாங்க." மாறணும் இல்லையா? "மாறணுங்க." இருட்டில் கிடக்கப் போறீங்களா? சிரிப்பார்கள், தலையை ஆட்டுவார்கள், நான் அதை எனக்குச் சாதகமான பக்கம் ஆட்டியதாகக் குறித்துக்கொள்வேன். எதிர்வீட்டுச் சின்னசாமி மாமா, நான் கேள்வியை முடிக்கும் முன்பே, "சரி சரி, அதையே போட்டுக்க, ஜல்தி முடி, பாவு நூல் காயுது" என்றார். அதிகாரி என் காதருகே, "பிரமாதம். எதிர்ப்பே இல்லை" என்றார்.

கடைசி வீடு எங்களுடையது.

எனக்கு நேர்மை அதிகம். (அதிகமா, மிக அதிகமா என்று கேட்காதீர்கள்.) ஆய்வு செய்கிறவன் சொந்த வீட்டில் கேள்வி கேட்டால் பாரபட்சம் என்று சொல்லிவிடுவார்களே என்று முந்தின நாளே நைனாவை எச்சரித்து வைத்திருந்தேன். அப்பாவை எங்கள் வீட்டில் நைனா என்றுதான் கூப்பிடுவோம்.

"நைனா, ஆபீசர் வருவாரு. நான் உன் மவன்னு காட்டிக்காத."

"ஏன்டா, எதுனா தப்பு பண்ணிட்டியா?"

"தப்பு இல்ல நைனா. பாரபட்சம் வந்துரும்."

"அது வந்தா இன்னா பண்ணும்?"

"ரிப்போர்ட் கெட்டுப்பூடும்."

"அப்ப அது வரக் கூடாது" என்று அவர் ஒப்புக்கொண்டார்.

எங்கள் வீடு ஒரே கூடம். பாதியைத் தறி அடைத்துக்கொண்டிருக்கும். தறிக்குப் பக்கத்தில் கயிற்றுக் கட்டில், அதில் அம்மா. இரண்டு வருஷத்துக்கு முன் அம்மாவுக்கு ஒரு பக்கம் கை கால் விழுந்துவிட்டது. பேச்சு குழறும். அந்தப் பேச்சு முழுதாகப் புரிந்த ஒரே ஆள் நைனா. குழியில் காலைத் தொங்கவிட்டு நெய்துகொண்டே தெருவில் யார் போகிறார்கள், எந்த வீட்டில் என்ன சண்டை என்று அம்மாவுக்குச் சொல்லிக்கொண்டே இருப்பார். அம்மா 'ம்' கொட்டுவாள். தாகம் என்றால் ஒரு சத்தம், திரும்பிப் படுக்க வேண்டும் என்றால் இன்னொரு சத்தம். நைனா நாடாவை வைத்துவிட்டு எழுந்து, செய்துவிட்டு, மறுபடி இறங்கி உட்காருவார். தறி ஓடினால் அம்மா தூங்குவாள். நூல் அறுந்து தறி நின்றால் கண்ணைத் திறந்துவிடுவாள்.

இதெல்லாம் எனக்குத் தெரியாதா? தெரியும். அந்தச் சத்தத்தில்தான் நானும் பாடம் படித்தேன். ஆனால் தெரிந்தது வேறு, கேள்வித்தாளில் இருந்தது வேறு. கையில் கேள்வித்தாளை வைத்துக்கொண்டு நின்றபோது எனக்குக் கேள்வித்தாள் மட்டும்தான் தெரிந்தது.

நைனா அதிகாரியைக் கண்டதும் மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு எழுந்தார். என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். நான் குரலைச் சரிசெய்துகொண்டு, பெற்ற அப்பனைப் பார்த்து, "பெரியவரே" என்று ஆரம்பித்தேன்.

"சொல்லுங்க சார்" என்றார் நைனா.

என்னை அவர் அதுவரை 'சார்' என்று கூப்பிட்டதில்லை. கட்டிலில் அம்மாவிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. சிரிப்புதான். எங்கள் நாடகத்தை அவள் ஒருத்திதான் ரசித்தாள்.

முன்னேற்றம், அறிஞர்கள், காலம் எல்லாவற்றுக்கும் நைனா "ஆமாங்க" போட்டார். பிறகு என் செல்லக் கேள்விக்கு வந்தேன்.

"தறிச் சத்தத்தால வீட்டுல இருக்கவங்களுக்குத் தொல்லை அதிகமா, மிக அதிகமா?"

நைனா கட்டிலைத் திரும்பிப் பார்த்தார். அம்மா அவரைப் பார்த்தாள். அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"எது போட்டா உங்களுக்கு நல்லதுங்க சார்?"

"நீங்கதான் சொல்லணும்."

"அப்ப அதிகம்னே போட்டுக்குங்க" என்றார்.

போட்டுக்கொண்டேன்.

பொதுக்கூடம் எழும்பியது. சேவூர்ப் பக்கம் போகிற சாலையில், நல்ல உயரமாக, வரிசையாக ஜன்னல் வைத்து, நான் எழுதியபடியே வெளிச்சமும் காற்றுமாக எழும்பியது. வீட்டுத் தறியைப் பிரித்துக் கொண்டுபோய் அங்கே போட்டுக்கொள்ள வேண்டும். திறப்பு விழா அன்று பந்தல், ரேடியோ செட், சந்தனம், கல்கண்டு எல்லாம் இருந்தன. தறிகள்தான் வரவில்லை.

சின்னசாமி மாமாவைப் பிடித்தேன். "இன்னா மாமா, வரேன்னு சொன்னீங்களே?"

"எப்படா சொன்னேன்?"

"காலங்காத்தால வந்து கேட்டனே! ஆமான்னு சொன்னீங்களே!"

"நல்லா இருக்கணுமான்னு நீ கேட்ட, ஆமான்னேன். காலங்காத்தால வாசல்ல வந்து நின்னுகினு கேட்டா வேற இன்னாடா சொல்லுவாங்க? அதுக்காவ வூட்டப் பேத்து எட்த்துகினு வருவாங்களா? போடா பேஜாரு."

அதிகாரி மறுவாரம் வருவதாக இருந்தது. என் வேலை நிரந்தரமாகும் நேரம். நான் வீட்டில் சாப்பாட்டுத் தட்டின் முன் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நைனா கேட்டார்: "யாருமே போவலன்னா உன் வேலைக்கு எதுனா ஆவுமா?"

அதுதான் நல்ல கேள்வி. எந்தப் பக்கமும் சாயாத கேள்வி. அதற்கு 'தெரியல நைனா' என்று ஒரு பதில் இருந்தது. நான் சொன்னது வேறு.

"நீயும்தான சரின்னு சொன்ன."

"சொன்னேன், சொன்னேன்" என்றார்.

மறுநாளே தறியைப் பிரித்தார். வீட்டுக்குள் வெறுங்குழி இருக்கக் கூடாது என்று மண் போட்டு மூடி, சாணி மெழுகினார். அந்தப் பிரம்மாண்டமான கூடத்தில் அவர் ஒருவர் தறி மட்டும் ஓடியது. அதிகாரி வந்து பார்த்தார். "ஒருத்தர் வந்தா போதும், மத்தவங்க தானா வருவாங்க" என்று நைனாவின் தோளைத் தட்டினார். அவர் என் அப்பா என்று அன்றைக்கும் நான் சொல்லவில்லை. பாரபட்சம் வந்துவிடுமே.

நான் வேலூரில் அறை எடுத்துத் தங்கியிருந்தேன். அம்மாவைப் பக்கத்து வீட்டுக் குப்பம்மா அக்கா பார்த்துக்கொண்டாள். நல்ல மனுஷி. ஆனால் எந்தச் சத்தம் தண்ணீருக்கு, எந்தச் சத்தம் திரும்பிப் படுக்க என்று அவளுக்குப் பிடிபடவில்லை. ஊருக்குப் போனபோது என்னிடம் சொன்னாள்: "உங்கம்மா தூங்கவே மாட்டேங்குது தம்பி. கண்ணத் தொறந்துகினு, மூடுன குழியவே பாத்துகினு கீது. எதுனா வேணுமான்னா ஒண்ணும் சொல்லல."

"கொஞ்ச நாள்ல பழகிடும்கா" என்றேன். எல்லாம் தெரிந்தவன்.

மார்கழியில் ஒரு மத்தியானம் அம்மா போய்விட்டாள். குப்பம்மா அக்கா ஆள் அனுப்பி, நைனா கூடத்திலிருந்து ஓடி வருவதற்குள் முடிந்துவிட்டது. கடைசியாக ஏதோ ஒரு சத்தம் போட்டாளாம். என்ன கேட்டாள் என்று அக்காவுக்குத் தெரியவில்லை. நைனா அந்தச் சத்தத்தை அக்காவைத் திரும்பத் திரும்பச் செய்துகாட்டச் சொல்லிக் கேட்டார். அவளுக்கு வரவில்லை.

நான் சாயங்கால பஸ்ஸில் போய்ச் சேர்ந்தேன். நைனாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். கோப்பை வாங்கிய வாய் அன்றைக்குத் திறக்கவில்லை. அவராகத்தான் சொன்னார்: "நல்ல கூடம்டா அது. வெளிச்சம் நல்லாவே கீது."

என் ரிப்போர்ட்டை அப்போதும் அவர் காப்பாற்றிக்கொண்டிருந்தார்.

கருமாதி முடிந்ததும் மண்வெட்டி எடுத்துக்கொண்டு குழியைத் தோண்ட ஆரம்பித்தார். நானும் சேர்ந்து தோண்டினேன். தறி திரும்பி வந்தது. பொதுக்கூடத்தில் பிறகு யாரோ நெல் மூட்டை அடுக்கினார்கள். என் வேலை நிரந்தரமானது. அதைச் சொல்லாமல் விட்டால் கதை நன்றாக இருக்கும். ஆனால் ஆனது.

அதற்குப் பிறகு கேள்வி கேட்பதில் எனக்கு ஒரு வியாதி பிடித்துக்கொண்டது. அலுவலகத்தில் நான் எழுதிய கேள்வித்தாள்களில் 'இல்லை', 'தெரியாது', 'சொல்ல விருப்பமில்லை' எல்லாவற்றுக்கும் கட்டம் இருக்கும். அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. வீட்டுக்கு வருகிறவர்களிடம், "காபி இருக்கு, மோர் இருக்கு, ஒண்ணும் வேணாம்னாலும் தப்பா நெனைக்க மாட்டேன், உங்க மனசுல இன்னா இருக்கு?" என்று கேட்பேன். மரியாதைக்காக ஒருவர் 'வேணாம்' என்றால் நிஜமாகவே கொடுக்காமல் அனுப்பிவிடுவேன். கல்யாணமான புதிதில் என் மாமனார் மூன்று தடவை தாகத்தோடு திரும்பிப் போயிருக்கிறார். என் மனைவி ஜெயந்திக்கு அது இன்றும் ஆறவில்லை.

எண்பதுகளின் நடுவில் வேலூரில் குவார்ட்டர்ஸ் கிடைத்தது. நைனா தனியாக இருக்கிறாரே, கூட்டிவரலாம் என்று ஜெயந்தி சொன்னாள். "போய்க் கூப்பிடுங்க, வந்துருவாரு."

போனேன். கூப்பிடவில்லை, கேட்டேன். தறி ஓடும் நேரமாக இல்லாமல், காலையாக இல்லாமல், அவர் சாப்பிட்டுவிட்டு வெற்றிலை போட்ட பிறகு, பார்த்துப் பார்த்துக் கேட்டேன்.

"நைனா, நீ வேலூர் வரலாம். இங்கயே இருக்கலாம். கொஞ்ச நாள் அங்க, கொஞ்ச நாள் இங்கன்னும் இருக்கலாம். எது சொன்னாலும் எனக்குச் சரி. நீ இன்னா நெனைக்கிற?"

"இன்னாடா, உடம்பு கிடம்பு சரியில்லியா?"

"நல்லாத்தான் கீறேன். நீ சொல்லு."

நைனா வெற்றிலையை மென்றுகொண்டே என்னை வெகுநேரம் பார்த்தார். என் முகத்தில் எந்தப் பதில் எழுதியிருக்கிறது என்று தேடினார் போல. நான் முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டேன்.

"வரல" என்றார். "வேணாம். எனக்கு இங்கதான் சரி."

என் வாழ்நாளில் அவர் என்னிடம் சொன்ன முதல் 'வேணாம்'. எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. ஆரணி பஸ் ஸ்டாண்டில் இறங்கி, கையில் இருந்ததுக்கெல்லாம் ஜாங்கிரி வாங்கிக்கொண்டு வேலூர் போய்ச் சேர்ந்தேன். குவார்ட்டர்ஸ் வரிசை முழுக்க வீடு வீடாகக் கொடுத்தேன்.

வாசலில் நின்ற ஜெயந்தி கேட்டாள்: "மாமா வரேன்னுட்டாரா?"

"வரலன்னுட்டாரு!" என்றேன், வாயெல்லாம் பல்லாக.

அப்பன் வரவில்லை என்றதும் தெருவுக்கே ஜாங்கிரி கொடுத்த மகன். அப்படித்தான் நான் எங்கள் சொந்தக்காரர்களிடையே பேர் வாங்கினேன். இன்றைக்கும் எந்தக் கல்யாணப் பந்தியில் இலையில் ஜாங்கிரி விழுந்தாலும் யாராவது ஒருவர், "இன்னாபா, யார் வரலன்னாங்க?" என்று கேட்பார், வரிசையே சிரிக்கும். நானும் சிரிப்பேன். விளக்கம் சொல்வதில்லை.

விளக்கம் தெரிந்தவர் ஒருவர் இருந்தார். இருந்தவரை, அந்தக் கதையை எல்லோரையும்விட நன்றாகச் சொன்னவரும் அவர்தான். தறியில் உட்கார்ந்துகொண்டு, வருகிற போகிறவரிடமெல்லாம் சொல்வாராம்: "வரலன்னு சொன்னேன் பாரு, பையன் மூஞ்சியப் பாக்கணுமே நீ!"