மரத்தை வெட்டினேன், கிணறு கோபித்துக்கொண்டது

உப்பளம், புதுச்சேரி
டிசம்பர் முதல் ஞாயிறு

அன்பும் மரியாதையும் நிறைந்த சூசை மச்சான் அவர்களுக்கு,

தங்கள் தங்கை வெரோனிகாவின் கணவன் தேவதாஸ் வணக்கத்துடன் எழுதுவது. ஆண்டவர் புண்ணியத்தில் நான் சௌக்கியம். பிரான்சில் தாங்களும் அக்காவும் குளிருக்கு அசராமல் சௌக்கியமாக இருக்க வேண்டுகிறேன். வெரோனிகாவும் சௌக்கியம்தான், ஆனால் காலாப்பட்டில் சௌக்கியமாக இருக்கிறாள். போன மாதம் மகள் பிரிஸ்கில்லா வீட்டுக்குப் போனவள் திரும்பி வர மாட்டேன் என்கிறாள். போன் செய்தால் எடுப்பதில்லை. நீங்கள் சொன்னால்தான் கேட்பாள். இதையெல்லாம் உங்களுக்குப் போனில் சொன்னால் பாதியிலேயே சிரித்துவிடுவீர்கள் என்றுதான் கடிதம் எழுதுகிறேன்.

முதலிலிருந்து சொல்கிறேன், என் தப்பு எங்கே என்று நீங்களே காட்டுங்கள். போன கிறிஸ்துமஸுக்கு வெரோனிகா வழக்கம்போல முற்றத்து வேப்பமரத்தடியில் குடில் வைத்தாள். கேழ்வரகை முளைக்கவிட்டுப் புல்வெளி, உங்கள் அப்பா வாங்கித் தந்த சுடாத களிமண் சுரூபங்கள், எல்லாம் பிரமாதம். குடில் போட்டிக்குப் பங்குக் கோவிலிலிருந்து பார்க்க வந்த ஆரோக்கியம் சார் பாலனைப் பார்க்கக் குனிந்தார், மேலே இருந்த காக்கை சரியாக அவர் வழுக்கையில் எச்சமிட்டது. பரிசு எதிர்வீட்டுக்குப் போனது. வெரோனிகா விழுந்து விழுந்து சிரித்தாள், எனக்குத்தான் தாங்கவில்லை. மூன்று ராஜாக்கள் திருநாள் முடிந்து குடிலைப் பிரித்ததும், அவள் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லியும் மரத்தை வெட்டிவிட்டேன். காக்கை போக வேண்டும் என்று வெட்டினேன், காக்கை போனது. இதுவரை தப்பில்லை அல்லவா?

மாசி முடிவதற்குள் நிழலில்லாத மண் காய்ந்து பொடியாகி, கடல்காற்று அதை வாரிக் கூடத்துக்குக் கொண்டுவந்தது. சோற்றில் மண் நறநறக்கிறது என்றாள். அவளுக்காகத்தானே முற்றம் முழுக்க சிமென்ட் போட்டேன்! தூசி நின்றது. ஆனால் சித்திரையில் பகலெல்லாம் வாங்கிய வெயிலை அந்தச் சிமென்ட் ராத்திரியில் வீட்டுக்குள் விட்டது. சூட்டைத் தணிக்கச் சாயங்காலம் தண்ணீர் ஊற்றினேன், அது கீழே இறங்க வழியில்லாமல் தெருவுக்கு ஓடியது. கோடைமழையும் அதே வழியில் போனது. கிணறு வற்றிவிட்டது. போர் போட்டு மோட்டாரை ஓட்டு ஓட்டென்று ஓட்டினேன். நமக்குக் கடல் எவ்வளவு கிட்டே என்பது உங்களுக்குத் தெரியும். நல்ல தண்ணீர் காலி செய்த இடத்தில் உப்புத்தண்ணீர் குடிவந்துவிட்டது. மல்லிகை கருகியது, சுவர் பொரிந்தது, காபி கரித்தது. வேப்பம்பூ இல்லாததால் தேனீயும் வரவில்லை, கொல்லைப் பூசணி பூத்துப் பூத்துக் கொட்டியதே தவிர ஒரு பிஞ்சு பிடிக்கவில்லை.

“மரத்த மட்டுமா வெட்டினீங்க? கெணத்தையும் சேத்து வெட்டிட்டீங்க” என்றாள். நான் கிணற்றுப் பக்கம் கோடாலியைக் கொண்டே போகவில்லை, மச்சான்.

பிறகு போன மாதம் மழை கொட்டியது. மண்தரையாக இருந்தால் குடித்திருக்கும். தெருவும் நிரம்பிவிட, சிமென்டில் தேங்கிய தண்ணீர் வாசற்படி ஏறி உள்ளே வந்து, கட்டிலுக்கடியில் இருந்த சுரூபப் பெட்டியில் நிரம்பிவிட்டது. மேல்தட்டில் இருந்த மாதாவும் பாலனும் உங்கள் பெயர்கொண்ட சூசையப்பரும் நிறம் மங்கியதோடு பிழைத்தார்கள். அடியில் இருந்த மூன்று ராஜாக்களும் கரைந்து ஒரே சேறு. வெரோனிகா திட்டவில்லை. அந்தச் சேற்றைக் கையில் அள்ளிப் பார்த்து, “அப்பா ஞாபகமா இருந்தது இது ஒண்ணுதான்” என்றாள். பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள். அவள் திட்டியிருந்தால் எனக்கு இவ்வளவு வலித்திருக்காது.

இப்போது ஆள் வைத்துச் சிமென்டை உடைத்துவிட்டேன், ஒரு வேப்பங்கன்றும் நட்டிருக்கிறேன். வீடு சத்தமில்லாமல் கிடக்கிறது. அவள் இல்லாமல் எனக்குக் கிறிஸ்துமஸ் வேண்டாம். ஆனாலும் தப்பு என்மேல் இல்லை. காக்கையை விரட்டினால் ராஜாக்கள் கரைவார்கள் என்று யாராவது முன்கூட்டியே சொன்னார்களா? தயவுசெய்து அவளுக்கு உடனே போன் செய்து, வீட்டுக்குப் போகச் சொல்லுங்கள்.

அக்காவுக்கு என் வணக்கம். பேரப்பிள்ளைகளுக்கு முத்தங்கள். தேவமாதா உங்கள் குடும்பத்தைக் குளிரிலும் காற்றிலும் காத்து நடத்தட்டும்.

தங்கள் பணிவுள்ள மைத்துனன்,
தேவதாஸ்

பி.கு.: போன் செய்ய வேண்டாம். உறையை ஒட்டுகிற நேரத்தில் வெரோனிகா வந்து நிற்கிறாள். என்மேல் இரக்கப்பட்டு வந்தாள் என்று நினைத்துவிட்டேன். கார்மேல் இலை கொட்டுகிறது என்று நம் மருமகன் ஜெர்ரி, காலாப்பட்டு வீட்டு வாசல் பூவரச மரத்தை வெட்ட நாளைக்கு ஆள் வரச் சொல்லியிருக்கிறாராம். யார் சொல்லியும் கேட்கவில்லையாம். “நீங்க வந்து ஒண்ணு விடாம சொல்லுங்க. தப்பு பூரா என்னுதுதான்னு சொல்லணும், அப்பதான் மாப்ள பயப்படுவாரு” என்கிறாள். ஆகவே, என் தப்பில்லை என்று மேலே எழுதிய இடங்களையெல்லாம் தாங்களே அடித்துவிடவும். காலாப்பட்டு பஸ்ஸுக்குக் கிளம்பிக்கொண்டிருக்கிறோம். என் சட்டைகளை அவளே மடித்துத் தன் பையில் வைத்துவிட்டாள்.