நான்சியின் வெள்ளைப் புடவை

இயேசுவுக்குப் புகழ்.

மடத்தில் இருக்கும் பாசமுள்ள அக்கா அடைக்கலமேரிக்கு, ஆவூரிலிருந்து தம்பி ஜெபமாலை வணக்கமாய் எழுதுவது. உங்கள் மூட்டுவலி தேவலையா என்று என் வீட்டுக்காரி ஞானமணி கேட்கச் சொன்னாள். எங்கள் உடம்புக்குச் சுகம். மனசுக்குத்தான் இல்லை, எனக்கு ஐந்து நாளாகச் சோறு இறங்கவில்லை.

காரணம் எங்கள் மகள் நான்சி. உங்களுக்குத் தெரியாதது இல்லை. புதுநன்மை வாங்கிய எட்டு வயதில், கவுனில் ஏழு அடுக்கு லேஸ் இல்லாவிட்டால் கோவிலுக்கு வர மாட்டேன் என்று தரையில் உருண்டவள். பத்தாவது படிக்கும்போது கறுப்பைத் தவிர வேறு நிறம் தொடவில்லை. மண்டை ஓடு போட்ட பனியனோடு பூசைக்கு வந்தாள், ஃபாதர் பிரசங்கத்தில் வரி மறந்து நின்றார். திருச்சியில் கல்லூரிக்குப் போனதும் முழங்காலில் கிழிந்த ஜீன்ஸ், காதுக்கு மேலே ஊதா முடி. நானும் பொறுக்க மாட்டாமல், இந்தப் பிள்ளைக்கு அடக்கமான உடையில் ஆசையைக் கொடு தாயே என்று மாதா முன்னால் ஒன்பது சனிக்கிழமை மெழுகுதிரி ஏற்றினேன். எவ்வளவு அடக்கம் என்று அளவு சொல்லாமல் விட்டது என் தப்பு.

போன வாரம் சென்னையிலிருந்து லீவுக்கு வந்தாள். புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்குக் கூப்பிடப் போன நான் அவளைத் தாண்டிப் போய்விட்டேன். வெள்ளைப் பருத்திப் புடவை, முழுக்கை ரவிக்கை, தட்டைச் செருப்பு, காதிலும் கழுத்திலும் ஒன்றும் கிடையாது. "தோத்திரம் சிஸ்டர்" என்று வழிவிட்டேன்.

"அப்பா, நாந்தேன்" என்றாள்.

வீட்டில் பெட்டியைத் திறந்தால் வெள்ளை, சாம்பல், மறுபடியும் வெள்ளை. "வயசு இருபத்தாறாச்சுப்பா, பகட்டெல்லாம் எதுக்கு? கம்மியா இருந்தாத்தேன் மனசு லேசா இருக்கு" என்கிறாள். நீங்களும் மடத்துக்குப் போகுமுன் நம் அப்பாவிடம் இதையேதான் சொன்னீர்கள். அப்பா மாட்டுக்கொட்டகைக்குப் போய் நின்று அழுததை நீங்கள் பார்க்கவில்லை, நான் பார்த்தேன். எனக்கு இருப்பது ஒரே பிள்ளை அக்கா. பயமாக இருக்கிறது.

ஆகவே அவள் அங்கே வந்தால், இடமில்லை, கட்டடம் பழுது பார்க்கிறோம் என்று ஏதாவது சொல்லித் திருப்பி அனுப்புங்கள். அந்தப் பொய்யை என் பாவசங்கீர்த்தனத்தில் நான் சேர்த்துச் சொல்லிக்கொள்கிறேன்.

உங்கள் செபத்தில் எங்கள் எல்லாரையும், குறிப்பாக என்னை, வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டவர் உங்கள் மூட்டுகளைக் காப்பாராக.

அன்புத் தம்பி
ஜெபமாலை

பி.கு.: தபாலில் போடச் சொல்லிக் கொடுத்த இந்தக் கடிதத்தை நான்சி பிரித்துப் படித்துவிட்டாள். சிரித்துச் சிரித்து அவள் கண்ணில் தண்ணீர். "மடமா? எனக்கு எது பொருந்தும்னு இப்பத்தேன்ப்பா தெரிஞ்சிருக்கு. துணி மட்டுமில்ல, மாப்பிள்ளையும்" என்று போனில் போட்டோ காட்டினாள். பெயர் லியோவாம். உச்சியில் கொண்டை, மூக்கில் வளையம், இடுப்பில் பாவாடை மாதிரி ஒரு பேண்ட். "இவரு எப்ப வளருவாரு?" என்று ஞானமணி கேட்டாள். ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு வருகிறாராம். அக்கா, மேலே எழுதியதையெல்லாம் மறந்துவிட்டு, மடத்தில் நான்சிக்கு ஒரு இடம் இருக்கிறதா என்று உடனே எழுதுங்கள்.