டிராகன் அங்கிள் முடிக்காத படம்

டெக்ஸாஸ் முழுக்கச் சல்லடை போட்டுத் தேடினாலும், ஒரே படத்தை நாற்பது தடவை காட்டி, ஒரு தடவைகூட முடிக்காத மனிதர் எங்கள் கேட்டி ஊர் டிராகன் அங்கிள் ஒருவர்தான்.

அது பிள்ளைகள் வைத்த பெயர். அவருடைய நிஜப்பெயர் பக்கத்து வீட்டிலிருக்கும் எங்களுக்கே தெரியாது. மாதம் ஒரு ஞாயிறு மதியம் காரை வெயிலில் விரட்டிவிட்டு, கராஜில் வெள்ளை வேட்டியை இழுத்துக் கட்டித் தெருப்பிள்ளைகளுக்குப் படம் காட்டுவார். ஜெர்மனிக்காரர்களின் பழங்கதை. சினிமாவுக்குப் பேச்சு வராத காலத்துப் படம். அந்தக் குறையை அங்கிளே தீர்த்துவைப்பார். ராஜா, ராணி, குதிரை, டிராகன் எல்லாருக்கும் மைக்கில் அவர் குரல்தான்.

"டேய் பல்லி! வழியை விடுடா, முகூர்த்தத்துக்கு டைம் ஆச்சு!"

வீரன் டிராகனைக் கொன்று அதன் ரத்தத்தில் குளிப்பான். இனி எந்த ஆயுதமும் அவனைத் துளைக்காது. முதுகில் ஒரு இலை ஒட்டிய இடம் மட்டும் நனையாமல் போய்விடும்.

"முதுகு தேச்சுவிட வீட்ல ஒரு ஆள் இருந்தா இப்படி ஆகுமா?" என்பார் அங்கிள்.

பின்னால் ஒருவன் அந்த இடத்தைக் குறிபார்த்து ஈட்டியைத் தூக்குவான். உடனே படம் நிற்கும். "கதையைச் சாவுல முடிக்கக் கூடாது. மங்களம் பாடித்தான் முடிக்கணும்" என்று கல்யாணக் காட்சிக்குத் திருப்பி, மங்களம் பாடி, சுண்டல் கொடுத்துவிடுவார். பிள்ளைகள் "சீட்டிங், அங்கிள்!" என்று கூச்சல் போடும். அசையமாட்டார்.

ஒரு ஞாயிறு. மறுநாள் அவருக்கு நெஞ்சில் ஆபரேஷன். அதிகம் பேசக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மைக்கை அவரைவிட மூத்தவளான என்னிடம் நீட்டினார். நான் அஞ்சாம் கிளாஸோடு நின்றவள். நாலு பேர் முன்னால் என் பெயரைச் சொல்லவே நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

"எனக்கு இங்கிலீஷ் தெரியாதே, தம்பி."

"டிராகனுக்கும் தெரியாதுக்கா. சும்மா பேசுங்க."

புடவைத் தலைப்பைக் கசக்கிக்கொண்டே பேசினேன். ஈட்டி வந்தது. நிறுத்துவார் என்று பார்த்தால், அவர் கை பொத்தானுக்குப் போகாமல் நெஞ்சின்மேல் கிடந்தது. வீரன் சாய்ந்தான்.

"இஸ் ஹி டெட்?" என்றது ஒரு குழந்தை.

அங்கிள் திரையைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"யாரு சொன்னா?" என்று மைக்கில் கத்தினேன். "மயக்க மருந்து குடுத்திருக்கு! நாளைக்குத் தையல் போட்டு எழுப்பிடுவாங்க. எழுந்ததும் சுண்டல்ல உப்புப் பத்தலைம்பான் பாரு!"

மங்களமும் நானே பாடினேன். டாக்டர் சொன்னதை மறந்து அங்கிள் விழுந்து விழுந்து சிரித்தார்.

பத்து நாளில் வீடு திரும்பினார். சுண்டலோடு பார்க்கப் போனேன். ஒரு வாய் போட்டுக்கொண்டு முகத்தைச் சுளித்தார்.

"உப்புப் பத்தலைக்கா."

அதைக் கேட்கத்தான் உப்பே போடாமல் கொண்டுபோயிருந்தேன்.