செல்வி இல்லத்துப் பேயும் கோழிக்கூட்டுப் பூட்டும்

தானாகவே தொழில் பழகியவனுக்கு ஒரு பொல்லாத வியாதி உண்டு. எதையும் பாதி கேட்டதுமே "வெளங்கிருச்சு" என்று சொல்லிவிடுவான். மீதிப் பாதி தலையில் இடியாக விழும்போதுதான், முதல் பாதியும் விளங்கவில்லை என்பது தெரியவரும். (என்னைப் பற்றித்தான் சொல்கிறேன். வேறு யாரையாவது நினைத்துச் சிரித்துக்கொண்டிருந்தால் நிறுத்திவிடுங்கள்.)

கொழும்பில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் பல வருடம் ஆணி நிறுத்துக் கொடுத்தவன் நான். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் மலைநாட்டில் எங்கள் ஊரான பொகவந்தலாவைக்கு வந்து, மனைவி செல்வியின் முகத்தைப் பார்த்துவிட்டு மறுபடியும் பஸ் ஏறிவிடுவேன். ஒருநாள் அவள் சொன்னாள்: "ஏங்க, இந்த வீட்டுக்கு நீங்களே விருந்தாளிதான். வெளிநாட்டுக்காரங்கள தங்க வச்சாலாவது வாடக குடுத்துட்டுப் போவாங்க."

அவள் விளையாட்டாகத்தான் சொன்னாள். எனக்குத்தான் அது வெளங்கிருச்சே! வேலையை விட்டுவிட்டு வந்து வீட்டோடு இரண்டு அறை கட்டினேன். சன்னலைத் திறந்தால் தேயிலை மலை தெரியும். மலை தெரியாவிட்டால் பனி தெரியும். 'செல்வி இல்லம்' என்று பெயரும் வைத்தாயிற்று. ஆட்கள் வந்து தங்கினால் நான் ஊரில் இருப்பேன்; வராவிட்டால் மறுபடியும் கொழும்பு, மறுபடியும் ஆணி. செல்விக்கும் எனக்கும் அப்போது இருந்த ஒரே கவலை அதுதான்.

ஆள் வரவேண்டுமானால் வெப்சைட் வேண்டும் என்றார்கள். வீடியோ பார்த்து நானே ஒன்றைச் செய்தேன். முதல் பக்கத்தில் அறையின் படம், கீழே செல்வி ரொட்டி சுடுகிற படம், அதற்கும் கீழே வருகிறவர்கள் பெயர், போன் நம்பர், பாஸ்போர்ட் நம்பர் எல்லாம் எழுதி அனுப்புகிற இடம். பார்க்கப் பார்க்க எனக்கே அங்கே போய்த் தங்கவேண்டும் போல இருந்தது.

குறையைக் கண்டுபிடித்தவள் செல்வி. "ஏங்க, இதத் தொறந்தா மேல 'பாதுகாப்பானதல்ல'ன்னு போட்டிருக்கே? நம்ம வீட்டுல என்னங்க கொறச்சல்?"

"அவன் சும்மா பயமுறுத்துறான் புள்ள."

"யாரு?"

யார் என்பது எனக்குத் தெரியாது. அதனால் நிமலுக்குப் போன் போட்டேன். நிமல் கினிகத்தேனையில் போன், இன்டர்நெட் வேலை பார்க்கிற கம்யூனிகேஷன் கடை வைத்திருக்கும் சிங்கள நண்பர்; என்னைவிட வேகமாகத் தமிழ் பேசுவார். வெப்சைட்டுக்கு இடம் எடுத்துத் தந்தவரும் அவர்தான்.

"அண்ணே, அட்ரஸ் பக்கத்துல ஒரு சின்னப் பூட்டு வரணும். அது இல்ல. அதான் கோளாறு. நேரம் கெடைச்சா கடைப் பக்கம் வாங்க, நான் என்ன செய்..."

"வெளங்கிருச்சு தம்பி!" என்று போனை வைத்துவிட்டேன்.

ஒரு பூட்டுக்காகக் கினிகத்தேனை வரைக்கும் பஸ்ஸில் போவதா? ஹார்ட்வெயார் கடையில் நான் விற்காத பூட்டா? பின்பக்கம் போய், கோழிக்கூட்டில் தொங்கிய பூட்டை நன்றாகத் துடைத்து ஒரு படம் எடுத்தேன். முதல் பக்கத்தின் இடது மூலையில், அட்ரஸுக்கு எவ்வளவு பக்கத்தில் வைக்கமுடியுமோ அவ்வளவு பக்கத்தில் வைத்தேன். (ஒரு இறகு ஒட்டியிருந்ததை அப்போது கவனிக்கவில்லை.) 'பாதுகாப்பானதல்ல' மட்டும் போகவில்லை. இரண்டொரு நாளில் போய்விடும் என்று நினைத்தேன். காய்ச்சல் மாதிரி.

அந்த வாரமே கொழும்பிலிருந்து ஒரு சுற்றுலாக் கம்பனியின் மிஸ் ஹட்டனுக்கு வந்தார். திலினி மிஸ் என்பார்கள். மலைநாட்டில் அறை வாடகைக்கு விடுகிறவர்களை எல்லாம் ஒரு சாப்பாட்டுக் கடையின் மேல்மாடிக்குக் கூப்பிட்டிருந்தார். பிடித்துவிட்டால் சீசன் முழுக்க ஆள் அனுப்புவார். நான் கல்யாணச் சட்டையைப் போட்டுக்கொண்டு போனேன்.

கடையில் வைஃபை இலவசம். மிஸ் தன் கம்ப்யூட்டரைச் சுவரில் இருந்த பெரிய டிவியில் மாட்டி, ஒவ்வொருவருடைய வெப்சைட்டையும் திறந்தார். என் முறை வந்தது. 'செல்வி இல்லம்' சுவர் முழுக்க விரிந்தது. நான் நெஞ்சை நிமிர்த்தினேன்.

அறையின் படம் வந்தது. வெள்ளை விரிப்புப் போட்ட கட்டில். அதற்கு நேர் கீழே, நான் வைக்காத ஒரு கறுப்புப் படம். தலைவிரி கோலமாக ஒரு பெண். பக்கத்தில் கொட்டை எழுத்தில்:

'இரவில் காலடிச் சத்தமா? கதவு தானாகத் திறக்கிறதா? பேய், பிசாசு, செய்வினை அகற்றப்படும். இன்றே அழையுங்கள்!'

மிஸ்ஸுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. "மே மொகத?" என்றார். இது என்ன என்று கேட்கிறார். நான் வாயைத் திறப்பதற்குள், நோர்வூட்டில் அறை வைத்திருக்கும் ஒரு அக்கா (எனக்குப் போட்டி என்று சொல்லமாட்டேன், அறை மட்டும் கொஞ்சம் பக்கத்தில்) சிங்களத்தில் ஒரு சொல் விடாமல், கை அசைவோடு மொழிபெயர்த்துவிட்டார்.

"ஹொல்மன்?" என்று மிஸ் கண்ணை விரித்தார். சிங்களத்தில் பேய் நடமாட்டத்துக்கு அதுதான் பெயர்.

"ஹொல்மன் நே மிஸ்! நே!" என்று கத்தினேன். இல்லவே இல்லை என்று நான் கத்தக் கத்த, இருக்கிறது என்று எல்லாருக்கும் உறுதியாகிவிட்டது.

பின்வரிசையிலிருந்து ஒருவர், "அண்ணே, மூலையில என்ன பூட்டு?" என்றார்.

"பாதுகாப்புக்கு."

"யாருக்கு? கோழிக்கா?"

டிவி பெரியது. இறகு சேவல் அளவுக்குத் தெரிந்தது.

திலினி மிஸ் மட்டும் சிரிக்கவில்லை. பாஸ்போர்ட் நம்பர் எழுதுகிற இடத்தில் விரலை வைத்து, தடுமாறும் தமிழில் மெதுவாகக் கேட்டார்: "அண்ணா, என்ட கெஸ்ட் இங்க எழுதினா, நடுவுல எல்லாரும் பாக்க ஏலும்தானே? புதன்கிழமைக்குள்ள சரி பண்ணுங்க. இல்லாட்டி நான் ஆள் அனுப்ப மாட்டேன்."

அங்கிருந்து நேரே கினிகத்தேனைக்கு பஸ் ஏறிப் போய், நடந்ததை எல்லாம் நிமலிடம் சொன்னேன். நிமல் பூட்டைப் பார்த்தார், இறகைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். சிரித்து முடிக்க அவருக்கு ஒரு தேத்தண்ணி குடிக்கிற நேரம் ஆனது.

"அண்ணே, செல்வி அக்கா ஒரு தட்டுல வடைய வச்சு, மூடாம பஸ்ஸில குடுத்து விடுறாங்கன்னு வைங்க. என்ன நடக்கும்?"

"கண்டக்டர் ரெண்டு எடுப்பான்."

"எடுக்க மட்டுமா? அவன்ட கருவாட்டையும் அதே தட்டுல வைப்பான். உங்க வெப்சைட் மூடாத தட்டு. அந்தக் கடை வைஃபை அதுல வெளம்பரத்த வச்சிருச்சு. வேற ஒருத்தன் நெனைச்சா கெஸ்ட் எழுதுற நம்பரையும் எடுத்துப் பாப்பான். டப்பாவுல போட்டு சீல் வச்சு அனுப்பணும். பொகவந்தலாவையில மூடினா, கெஸ்ட் கையிலதான் தொறக்கணும். நடுவுல யாருக்கும் தொறக்க ஏலாது."

"அப்ப பூட்டுப் படம்?"

"டப்பா மூடியிருக்குன்னு காட்டுற அடையாளம். அடையாளத்த மட்டும் ஒட்டினா தட்டு மூடிருமா?"

அந்தச் சீல் என்பது ஒரு சான்றிதழ், அதுவும் இலவசமாம். நான் மேசையில் குனிந்து வெட்கப்பட்டு நிமிர்வதற்குள் போட்டு முடித்துவிட்டார். கோழிக்கூட்டுப் பூட்டை அழித்தார். அட்ரஸ் பக்கத்தில் அசல் பூட்டு, கடுகளவில், அடக்கமாக வந்து உட்கார்ந்தது.

எனக்கு மனம் ஆறவில்லை. திரும்பும் வழியில் ஹட்டனில் இறங்கி, அதே கடையில் பால் இல்லாமல் ஒரு பிளேன்டி சொல்லி, அதே வைஃபையில் என் வெப்சைட்டைத் திறந்தேன். கட்டில் இருந்தது. செல்வி இருந்தாள். ரொட்டி இருந்தது. தலைவிரி கோலத்தைக் காணோம்!

சந்தோஷத்தில் செல்விக்குப் போன் போட்டேன். அவள் பக்கம் சிக்னல் சரியில்லை. அதனால் எழுந்து நின்று கத்தினேன்:

"செல்வி! பேய் போயிருச்சு! நம்ம ரூமுல இருந்த பேய் போயிருச்சு புள்ள!"

கடை முழுக்க என்னைத் திரும்பிப் பார்த்தது. பக்கத்து மேசையில் பொகவந்தலாவைக்காரர் இருவர், பாதி ரொட்டியை விட்டுவிட்டு எனக்கு முந்திய பஸ்ஸைப் பிடித்துவிட்டார்கள். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது என்று சும்மாவா சொன்னார்கள்? நான் போய் இறங்கும்போது பஜாரில் பேய்க்கு வயது, சாதகம், செத்த காரணம் எல்லாம் தயாராக இருந்தது.

திலினி மிஸ் சொன்ன சொல் தவறவில்லை. வியாழக்கிழமையே அவருடைய முதல் விருந்தாளிகளின் பெயர் வெப்சைட் வழியாக, மூடிய டப்பாவில், பத்திரமாக வந்து சேர்ந்தது. நான் கொழும்புக்குத் திரும்பவில்லை.

பேயே கிடையாது என்பதைச் சொந்தக்காரர்கள்தான் இன்னும் நம்பவில்லை. செல்வியின் தம்பி ஜெகன், லீவு விட்டால் குடும்பத்தோடு வந்து இரண்டு அறையையும் பிடித்துக்கொள்கிறவன், அடுத்த சனிக்கிழமை வந்தான். மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் மெதுவாகக் கேட்டான்: "மச்சான், எந்த ரூமு?"

"அடேய், அது வெளம்பரம்டா! வைஃபை..." என்று நான் ஆரம்பிப்பதற்குள் செல்வி குறுக்கே வந்தாள். முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லை.

"போயிருச்சுன்னுதான் சொல்றாங்க தம்பி. நீ இன்னைக்கு ராத்திரி படுத்துப் பாத்துட்டுச் சொல்லேன்."

ஜெகன் நாலு மணி பஸ்ஸுக்கே குடும்பத்தைக் கிளப்பிவிட்டான். அன்றைக்கு வயிறு வலிக்க நாங்கள் சிரித்த சிரிப்பு இன்னும் ஓயவில்லை. இப்போதும் சீசனில் சொந்தக்காரர் யாராவது வருவதாகச் சொன்னால், செல்வி போனை வாங்கி, "வாங்க வாங்க, ராத்திரி தங்குறீங்கதானே?" என்று அன்பாகக் கேட்பாள். நாலு மணி பஸ் நேரத்துக்கு வருமா என்பதுதான் அந்தப் பக்கத்திலிருந்து வரும் பதில்.