பெண் பார்க்க வந்த குலைத் தரகர்

சனிக்கிழமை மாலை நாலேகால் மணிக்கு என் மகளின் கல்யாணம் ஆட்டம் கண்டது. மாப்பிள்ளையின் தாய்மாமன் இப்போதே வருகிறார், அவர் சரி என்றால்தான் மேற்கொண்டு பேச்சு என்று ஆள் வந்து சொன்னான். நாஞ்சில் நாடு திருவிதாங்கூர்-கொச்சியோடா மதராசோடா என்று ஊரே அடித்துக்கொண்ட காலம். எனக்கு அந்தக் கவலை அந்த நிமிஷமே போய்விட்டது. ஏனென்றால், தாய்மாமன் என்பது குலைத் தரகர்.

வடசேரிச் சந்தையில் அவர் திருத்தாத வாய் கிடையாது. வாழைக்குலை ஏலத்தை நிறுத்திவிட்டுத் திருத்துவார். அவருக்குப் பார்வை இல்லை. அதை யார் எப்படிச் சொன்னாலும் வழக்குத்தான். 'பாவம், கண்ணில்லாதவர்' என்று ஒருவர் இரங்கினார்.

"ரெண்டும் இருக்கு வே, தொட்டுப் பாரும். பார்வைதான் இல்ல."

தமிழ் வாத்தியார் மரியாதையாக 'அந்தகர்' என்றார்.

"அந்தகன்னா எமன்லா? எம் பொஞ்சாதி ஒத்துக்கிடுவா. நான் ஒத்துக்கிட மாட்டேன். குலைத் தரகர்னு சொல்லும். தேவைப்பட்டா பார்வையில்லாதவர்னு சொல்லும். நாக்கு சுளுக்காது."

தோவாளையில் ஒரு பெண் வீட்டில் யாரோ 'குருட்டு யோகம்' என்று வாய்விட, பாதிச் சாப்பாட்டில் எழுந்தவர் அவர். அந்தச் சம்பந்தம் அத்தோடு முடிந்தது.

வீட்டில் சட்டம் போட்டேன். குருடு கூடாது. கண் கூடாது. பார் கூடாது.

முதல் இரண்டும் எளிது. 'பார்' இல்லாமல் தமிழ் நகராது என்பது அன்றுதான் தெரிந்தது. அடுப்படியிலிருந்து மனைவி கரண்டியோடு வந்தாள்.

"பாயசத்துக்கு இனிப்பு போதுமான்னு ருசிச்சுப்..." விழித்தாள். "நக்கிச் சொல்லுங்க."

அடுத்த வீட்டம்மா வேலிக்கு மேல் எட்டினாள். "பொண்ணு பாக்க வாறாவளா?"

"பொண்ண... விசாரிக்க வாறாவ" என்றேன்.

போலீஸ் என்று நினைத்துக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஒருவழியாகக் குலைத் தரகர் வந்தார். பாயச டம்ளரை அவர் கையில் கொடுத்தேன். "குடிச்சுப்..." என்று ஆரம்பித்துத் திணறினேன்.

"குடிச்சுப்?"

"குடிச்சிருங்க."

விஷம் கொடுப்பவன் சொல்வதுபோல எனக்கே கேட்டது. அவர் டம்ளரை மோந்தார். அப்புறம் குடித்தார்.

"மவளக் கூப்பிடும்" என்றார். அவள் வந்து நின்றாள். "ஏட்டி மக்கா, எம் மருமவனக் கட்டிக்கிடச் சம்மதமா?"

"அது எப்படி மாமா சொல்லுவேன்? அவரை நான் இன்னும் பாத்ததே இல்லியே."

மனைவி கதவைப் பிடித்துக்கொண்டாள். எனக்குப் பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லை. குலைத் தரகர் காலி டம்ளரை மெல்லக் கீழே வைத்தார்.

"நானும் பாத்ததில்ல, மக்கா" என்றார். "ஆனா நல்ல பய."