ஆதாரப்புள்ளியின் அருமை பெருமைகள்

மனிதகுலம் பாரத்தைத் தூக்கக் கற்றுக்கொண்ட நாளிலிருந்தே, அந்தப் பாரத்தை யார் தலையில் இறக்குவது என்ற ஆராய்ச்சியையும் விடாமல் நடத்தி வந்திருக்கிறது. அந்த மகத்தான ஆராய்ச்சி தன் சிகரத்தைத் தொட்டது எந்தப் பல்கலைக்கழகத்திலும் அல்ல. ஒரு மெத்தைக் கம்பெனியின் இரண்டாம் மாடியில், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நடந்த கூட்டத்தில்தான். கூட்டத்தில் பெரும்பாலோர் கண்களை மூடி ஆழ்ந்த சிந்தனையில் இருந்ததால், அந்த வரலாற்றுக் கணம் அவர்களுக்குத் தெரியாமலே போய்விட்டது.

நம் நாயகர் மட்டும் விழித்திருந்தார். அவர் புகார்ப் பிரிவு. பிரிவு முழுவதும் அவர் ஒருவர்தான் என்பதால் எல்லோரும் அவரையே 'புகார் சார்' என்று கூப்பிட்டார்கள். "புகார் வந்தாச்சா?" என்று யாராவது கேட்டால், எங்கோ ஒரு வாடிக்கையாளர் கொதித்துப் போயிருக்கிறார் என்று அர்த்தமில்லை. அவர் குடையை மடக்கிக்கொண்டு படியேறி வந்துவிட்டாரா என்றுதான் அர்த்தம்.

அவர் விழித்திருந்ததற்குக் காரணம் இருந்தது. கூட்டம் முடிந்ததும் மேலாளரை மடக்கி மாற்றல் கேட்க வேண்டும். மனைவி வேறு ஊரில் ஆஸ்பத்திரி நர்ஸ். கல்யாணம் ஆனதிலிருந்து அவள் அங்கே, இவர் இங்கே. வாரக் கடைசியில் பஸ் ஏறி, இடுப்பொடியப் போய்ச் சேர்ந்தால், இரவுப் பணி முடிந்து வந்து அவள் தூங்கிக்கொண்டிருப்பாள். தூங்குகிற மனைவியைக் கண்குளிரப் பார்த்துவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்புவார். அந்த ஊரிலும் கம்பெனிக்கு ஒரு கிளை உண்டு. அங்கே ஒரு நாற்காலி காலியாகியிருப்பதாகக் காற்றுவாக்கில் செய்தி வந்திருந்தது.

மேடையில் இருந்தவர் ஆலோசகர். படுத்துக் கிடக்கும் கம்பெனிகளை 'நிமிர்த்துவது' அவர் தொழில். மெத்தைக் கம்பெனி படுத்துக் கிடப்பதில் என்ன தப்பு என்று யாரும் அவரிடம் கேட்கவில்லை.

"ஒரு ஸ்கேல் குடுங்க, ஒரு ரப்பர் குடுங்க" என்றார் ஆலோசகர்.

கொடுத்தார்கள். ரப்பர் மேல் ஸ்கேலை வைத்தார். ஸ்கேலின் ஒரு முனையில் ஸ்டேப்ளர். மறுமுனையை விரலால் அமுக்கினார். ஸ்டேப்ளர் எழும்பியது.

"என்ன தெரியுது?"

"ஸ்டேப்ளர் மேல போகுது சார்" என்று மேலாளர் மெய்சிலிர்த்துச் சொன்னார்.

"இதுதான் நெம்புகோல். அமுக்குறது நிர்வாகம். மேல போறது லாபம். நடுவுல இந்த ரப்பர் இருக்கே, இதுக்குப் பேரு ஆதாரப்புள்ளி. அத்தனை பாரமும் இது மேலதான். ஆனா இது அசையுதா? முனகுதா? லீவு கேக்குதா?"

"கேக்கல சார்."

"இப்ப சொல்லுங்க. உங்க கம்பெனியில இந்த ரப்பர் யாரு?"

அறையில் குறட்டை மட்டும் லேசாகக் கேட்டது. கணக்காளர் அம்மா பேனாவை மூடிவிட்டு, "புகார் சார்தான். எல்லாரும் அவர்கிட்டதானே கத்துறாங்க" என்றார்.

கைதட்டல் எழுந்தது. அதில் விழித்துக்கொண்டவர்களும் எதற்கென்று கேட்காமல் தட்டினார்கள். நம்மவர் எழுந்து நின்று எல்லோருக்கும் ஒரு கும்பிடு போட்டார். தன் கல்யாணத்தில்கூட அவருக்காக யாரும் கை தட்டியதில்லை. மேலாளர், ஆதாரப்புள்ளியைக் குறிக்கும் பித்தளை முக்கோணச் சின்னம் ஒன்றை அவர் சட்டையில் குத்தினார். கொஞ்சம் நெஞ்சிலும் குத்தியது. பெருமை என்றால் அப்படித்தான் சுருக்கென்று இருக்கும் போல என்று அவர் நினைத்துக்கொண்டார்.

கூட்டம் கலைந்ததும் மெதுவாக மேலாளர் பக்கம் ஒதுங்கினார்.

"சார், அந்த மாற்றல் விஷயம்..."

மேலாளர் பதறிப் போனார். "என்ன சார் நீங்க! இப்பதானே பாத்தீங்க? ஸ்கேலுக்கு அடியில இருந்து ரப்பரை உருவினா என்ன ஆகும்?"

"ஸ்கேல் கீழ விழும் சார்."

"விழலாமா?"

"விழக்கூடாது சார்."

"பாத்தீங்களா, உங்க வாயாலேயே சொல்லிட்டீங்க" என்று மேலாளர் அவர் தோளில் தட்டினார். ஒரு மனிதனின் விண்ணப்பத்தை அவன் வாயாலேயே நிராகரிக்க வைப்பது நிர்வாகக் கலையின் உச்சம். காகிதமும் மிச்சம்.

அன்று சாயங்காலம் மனைவிக்கு ஃபோன் செய்தார்.

"என்னங்க, மாற்றல் கிடைச்சுதா?"

"அதைவிடப் பெருசு ஒண்ணு கிடைச்சிருக்கும்மா. நான் ஆதாரப்புள்ளி ஆயிட்டேன்."

"அப்படின்னா?"

அவர் ஸ்கேலையும் ரப்பரையும் விளக்கினார். அவள் முழுவதும் கேட்டாள்.

"அமுக்குறவன் அமுக்குறான், மேல போறது மேல போகுது. நடுவுல நசுங்குறது நீங்களா?"

"நசுங்குறதுன்னு சொல்லக் கூடாதும்மா. தாங்குறது."

"இங்க எலும்பு டாக்டர்கிட்ட வர்றவங்களும் முதல்ல அப்படித்தான் சொல்றாங்க" என்றாள் அவள்.

அதன் பிறகு அந்தச் சொல் கம்பெனி முழுவதும் பரவி, பல பயன்பாடுகளைக் கண்டது. 'ஆதாரப்புள்ளி சார்' நீளமாக இருக்கிறது என்று 'ஆதாரம் சார்' ஆக்கினார்கள். பிறகு சாரும் தேய்ந்து போய் வெறும் 'ஆதாரம்' ஆனார். கணக்காளர் அம்மா, ரசீது இல்லாத செலவுகளை எல்லாம் அவர் மேசைக்கு அனுப்பினார். "ஆதாரம் இல்லாத செலவுங்க. அதான் ஆதாரத்துக்கிட்டயே அனுப்பிட்டேன்" என்றார். சாப்பாட்டு அறையில் ஒரு மேசை ஆடியது. அதன் ஓரமாய் இவரை உட்கார வைத்து, முழங்காலால் முட்டுக் கொடுக்கச் சொன்னார்கள். அவர் முட்டுக் கொடுத்தபடி சாப்பிட, மற்றவர்கள் குழம்பு சிந்தாமல் சாப்பிட்டார்கள். தட்டச்சு செய்பவர் லீவு போட்டால் தட்டச்சு, காவலாளி வராவிட்டால் வாசல், எல்லாமே ஆதாரம்தான். சம்பள உயர்வுப் பேச்சு வந்தபோது மட்டும் மேலாளர் வருத்தத்தோடு கை விரித்தார். "மேல போறதுக்குத்தான் சார் உயர்வு. நீங்க மேல போற பொருள் இல்லையே."

அது அறிவியல் பூர்வமாக இருந்ததால் அவரால் மறுக்க முடியவில்லை. சின்னத்தைத் துடைத்து மாட்டிக்கொண்டார். சொல்லப் போனால், அவருக்கு அது பிடித்தும் இருந்தது. படியில் எதிர்ப்படுகிற எல்லோரும் வணக்கம் சொன்னார்கள். அதுவரை அவரைப் பார்த்தால் வழி விட்டு ஒதுங்கியவர்கள் அவர்கள்.

அப்போதுதான் மேலாளர் தன் புரட்சியைத் தொடங்கினார். ஆலோசகரின் யோசனைப்படி மெத்தைக்குள் இருக்கும் ஸ்பிரிங்குகளில் பாதியைக் குறைத்தார். மிச்சம் இருந்தவை இரட்டிப்பு உற்சாகத்தோடு உழைத்து, துணியைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தன. புகார்ப் பிரிவின் ஃபோன் ஓயாமல் அலறியது.

"உங்க மெத்தை என் வீட்டுக்காரரைக் குத்திடுச்சுங்க" என்றார் ஒரு பெண்மணி.

"மெத்தையைத் திருப்பிப் போட்டுப் பாத்தீங்களாம்மா?"

"போட்டோம். அது கட்டிலைத் துளைச்சுத் தரையைக் குத்துது. கீழ் வீட்டுக்காரங்க சண்டைக்கு வந்துட்டாங்க."

இன்னொருவர் பெரியவர். திட்டவில்லை. "தம்பி, என் சம்சாரம் படுத்த படுக்கையா இருக்கா. திரும்பிப் படுக்க முடியாது. அவ முதுகுல கீறிடுச்சுப்பா" என்று மட்டும் சொன்னார். நம்மவர் வழக்கமான பதிலைச் சொல்ல வாயெடுத்தார். வரவில்லை. மனைவி வேலை பார்க்கும் வார்டில் அப்படிப் படுத்திருப்பவர்களை அவர் பார்த்திருக்கிறார். ஃபோனை வைத்துவிட்டு நேரே மேலாளர் அறைக்குப் போனார்.

"சார், ஸ்பிரிங்கைப் பழையபடி வெச்சிடலாம் சார். ஜனங்க காயப்படுறாங்க."

மேலாளர் ஆலோசகரைப் பார்த்தார். ஆலோசகர் ஸ்கேலை எடுத்தார். அது எப்போதும் அவர் பையில் இருக்கும்.

"ஆதாரம், இங்க பாருங்க. இந்த ரப்பர் துள்ளி மேல வந்தா அது ஆதாரப்புள்ளியா?"

"இல்ல சார்."

"பாரம் உங்களோட நிக்கணும். உங்களைத் தாண்டி மேல வரக் கூடாது. அதுதான் உங்க பெருமையே."

மேலாளர் இழுப்பறையிலிருந்து இன்னொரு முக்கோணத்தை எடுத்து, முதல் சின்னத்துக்குப் பக்கத்தில் குத்தினார். நம்மவர் இருக்கைக்குத் திரும்பினார். ஃபோன் அடித்தது. "மெத்தையைத் திருப்பிப் போட்டுப் பாத்தீங்களா?" என்றார். அந்த மாதம் புகார் ஒன்றுகூட மேலே போகவில்லை. கம்பெனியின் வரலாற்றில் அது ஒரு சாதனை. பெரியவர் மறுபடி கூப்பிடவில்லை. அது சாதனையா என்று அவருக்குத் தெரியவில்லை. ஆனால் ஒவ்வொரு முறை ஃபோன் அடிக்கும்போதும் அந்தப் பெரியவர்தானோ என்று அவசரமாக எடுத்தார்.

இந்நிலையில்தான் அந்த அசம்பாவிதம் நடந்தது. முதலாளி வீட்டில் எப்போதும் வேறு கம்பெனி மெத்தைதான். விளம்பரப் படத்துக்காக ஒரு நாள் தன் கம்பெனி மெத்தை மேல் புன்னகையோடு உட்கார்ந்தார். உட்கார்ந்த வேகத்தில் எழுந்தார். மெத்தையும் கூடவே எழுந்தது. நிறுவனத்தின் மிக உயர்ந்த இருக்கையில் எத்தனை தையல் போடப்பட்டது என்பது இன்றுவரை ரகசியமாகவே காக்கப்படுகிறது.

பாரபட்சமில்லாத விசாரணை வேண்டும் என்பதில் முதலாளி பிடிவாதமாக இருந்தார். அதனால் தன் மச்சானையே விசாரணை அதிகாரியாக நியமித்தார். அதே இரண்டாம் மாடி. இந்த முறை யாரும் தூங்கவில்லை.

"ஸ்பிரிங்கைக் குறைச்சது யாரு?" என்று மச்சான் ஆரம்பித்தார்.

மேலாளர் எழுந்தார். "நான் சும்மா ஒரு முனையில அமுக்கினேன் சார், அவ்வளவுதான். பாரம் எல்லாம் ஆதாரத்து மேலதான். அவர் இல்லாம இங்க ஒரு துரும்பு அசையாது."

"ஒரு துரும்பு அசையாது" என்று சொல்லிக்கொண்டே மச்சான் எழுதினார். "அப்ப அசைஞ்சதெல்லாம் அவரால அசைஞ்சது."

நம்மவர் பெருமையோடு தலை குனிந்தார்.

கணக்காளர் அம்மா எழுந்தார். அவர் குரல் தழுதழுத்தது. "அவரை மாதிரி ஒருத்தரைப் பாக்க முடியாது சார். எல்லாச் செலவும் அவர் மேசையிலதான் இருக்கு. வாயைத் திறந்து ஒரு வார்த்தை கேட்டதில்ல."

"எல்லாச் செலவும். வாயைத் திறக்கல" என்று எழுதினார் மச்சான்.

ஆலோசகர் எழுந்தார். "நெம்புகோல் உடைஞ்சா எங்க சார் உடையும்? சரியா ஆதாரப்புள்ளிக்கு மேல. இது நான் சொல்றதில்ல, அறிவியல் சொல்றது."

"ஜனங்க காயப்பட்டப்போ இவர் எங்க இருந்தாரு?"

"நடுவுல சார்."

"அசைஞ்சாரா?"

"அசையவே இல்ல சார்!" என்று எல்லோரும் ஒரே குரலில், நெகிழ்ந்து போய்ச் சொன்னார்கள்.

"தடுக்க ஒரு முயற்சியும் எடுக்கல" என்று மச்சான் எழுதினார்.

நான் மேலே வந்து சொன்னேனே என்று நம்மவருக்குச் சொல்ல வேண்டும் போல இருந்தது. சுற்றிப் பார்த்தார். எல்லா முகத்திலும் தன் மேல் உண்மையான பாசம். பொய்யான பாசமாக இருந்திருந்தால் அவர் பேசியிருப்பார். அந்த முகங்களைப் பார்த்து வாய் வரவில்லை.

மச்சான் பேனாவைக் கீழே வைத்தார். "எல்லாம் சரி. பேச்சு பேச்சாவே இருக்கு. ஒருத்தரைச் சும்மா குத்தவாளின்னு சொல்லிட முடியாது. ஆதாரம் எங்க?"

மச்சான் மேசையைத் தட்டினார்.

"ஆதாரம் எங்கன்னு கேக்குறேன்!"

நம்மவர் சட்டென்று எழுந்து நின்றார். "இங்கதான் இருக்கேன் சார்."

மச்சான் அவரைத் தலை முதல் கால் வரை பார்த்தார். சட்டையில் இரண்டு பித்தளைச் சின்னங்கள் பளபளத்தன. பேனாவை எடுத்து, அழுத்தமாக ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டார்: 'ஆதாரம் தானாகவே முன்வந்து ஆஜரானது.'

வேலை நீக்க உத்தரவு ரொம்பக் கௌரவமான மொழியில் இருந்தது. நம்மவர் ஒரு பையோடு பஸ் ஏறி, மனைவி ஊரில் இறங்கி, கதவைத் தட்டினார். அவள் பாதித் தூக்கத்தில் வந்து திறந்தாள்.

"என்னங்க, வாரநாள்ல வந்திருக்கீங்க? லீவா?"

"ஆமாம்மா."

"எத்தனை நாளு?"

"அவங்க சொல்லல."

அவள் பையைப் பார்த்தாள். சின்னம் கழன்ற இடத்தில் சட்டையில் இருந்த ஓட்டைகளைப் பார்த்தாள். பையை வாங்கிக்கொண்டு, "உள்ள வந்து படுங்க. தரைதான், மெத்தை இல்ல" என்றாள். அவருக்கு அதைவிட ஆறுதலான வார்த்தை வேறு கிடைத்திருக்காது.

அந்தக் கம்பெனியை யாரும் குறை சொல்லிவிட முடியாது. அது நியாயத்துக்குக் கட்டுப்பட்ட நிறுவனம். ஆதாரம் இல்லாமல் அங்கே யாரையும் தண்டித்ததாக வரலாறே கிடையாது. அதற்கென்றே எப்போதும் ஒரு ஆதாரத்தைச் சம்பளம் கொடுத்து வைத்திருக்கிறார்கள். இப்போது இருப்பவர் கணக்காளர் அம்மா. போன வாரம்தான் அவருக்காகக் கை தட்டினார்கள்.