பாஸ்டரம்மாவை நான்காம் சுற்றிலேயே முடித்துவிட்டது தொடர்பாக

பெர்கஸ் ஃபால்ஸ், மினசோட்டா
சனிக்கிழமை, பனி இன்னும் விடவில்லை

மரியாதைக்குரிய பெரிய அண்ணன் ரோல்ஃப் அவர்களுக்குத் தம்பி ஆர்விட் பணிவோடு எழுதிக்கொண்டது. இவ்விடம் உடம்புக்கு ஒரு குறைவுமில்லை. மனசைப் பற்றிக் கீழே விவரமாக எழுதியிருக்கிறேன். அவ்விடம் தங்கள் முழங்காலும் அண்ணி கேரனின் ரத்த அழுத்தமும் அரிசோனா வெயிலில் சொன்ன பேச்சைக் கேட்டு நடக்கும் என்று நம்புகிறேன். தாங்கள் அனுப்பிய ஆரஞ்சுப் பெட்டி வந்து சேர்ந்தது. ஒன்றுகூட அழுகவில்லை. இந்தக் குளிர்காலத்தில் தாங்கள் அனுப்பியவற்றில் எனக்குக் கெடுதல் செய்யாதது அந்த ஆரஞ்சு மட்டும்தான் என்பதையும் தாழ்மையோடு தெரிவித்துக்கொள்கிறேன்.

கிறிஸ்துமஸ் கடிதத்தில் என் சீட்டுக்கட்டு சோப்ளாங்கியாக இருக்கிறது, மூன்று வருஷமாக ஒரு ஆட்டம்கூட ஜெயித்ததில்லை என்று பேச்சுக்கு ஒரு வார்த்தை எழுதியிருந்தேன். அது புலம்பல் அண்ணா. குளிரைப் பற்றி நாமெல்லாம் புலம்புவதில்லையா, அதற்காக யாராவது வந்து குளிரை மாற்றித் தரவா போகிறார்கள்? தாங்கள் என்னடாவென்றால் பக்கம் பக்கமாக யோசனை எழுதி, கூடவே ஒரு உறை நிறையப் புதுச் சீட்டுகளையும் திணித்து அனுப்பிவிட்டீர்கள். அங்கே தாங்கள் சீட்டு விற்கிற கடையில் உட்கார்ந்து முன்பின் தெரியாத பையன்களோடு ஆடுகிறீர்கள். கைகுலுக்குகிறீர்கள், வெட்டிச் சாய்க்கிறீர்கள், மறுபடி கைகுலுக்கிவிட்டு வீட்டுக்குப் போகிறீர்கள். நான் ஆடுவது எங்கே, யாரோடு என்று ஒரு நிமிஷம் யோசித்துப் பார்த்தீர்களா?

தேவாலயத்தின் கீழறையில், செவ்வாய்க்கிழமை மத்தியானங்களில், நாலே பேர். பழைய சாமான் விற்பனைக்கு யாரோ கொடுத்த 'மதிலும் மந்திரமும்' சீட்டுகள் ஒரு அட்டைப்பெட்டி நிறைய விலை போகாமல் கிடந்தன. தூக்கிப்போட மனசில்லாமல் பாஸ்டர் மார்லிஸ் அம்மாதான் ஆட்டத்தைத் தொடங்கிவைத்தார். அவருடைய கட்டு முழுக்க மரங்கள். மெதுவாக வளரும், வளர்ந்தால் வானம் தெரியாது. வான்கோழிப் பண்ணை வைத்திருக்கும் டெல்மர் ஹூஸ், பறவை படம் போட்ட சீட்டாகப் பொறுக்கி எடுத்து ஒரு கட்டு வைத்திருக்கிறார். அவற்றை அவர் சண்டைக்கு அனுப்புவதில்லை, இப்போதுதான் வந்து உட்கார்ந்திருக்கின்றன பாவம் என்பார். பள்ளிக்கூடத்துச் சமையலறையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற லொரீன் ஸ்காரின் சீட்டுக்கட்டில் அத்தனையும் காயம் ஆற்றுகிற மந்திரம். தனக்குப் போட்டுக்கொண்டு மிச்சத்தை எங்களுக்கும் பரிமாறுவாள். நாலாவது ஆள் நான். வேலை பார்த்த காலமெல்லாம் கவுண்டிப் பாலங்களுக்கு அடியில் சுத்தியலோடு படுத்து விரிசல் தேடியவன். எந்தப் பாலத்தைப் பார்த்தாலும் அது விழப்போவதாகத்தான் எனக்குத் தெரியும். என் கட்டும் அப்படியே: ஒரு மதில், அதன் பின்னால் அகழி, அகழிக்குப் பின்னால் இன்னொரு மதில்.

எங்கள் மேசையில் யாரும் முதலில் அடிக்க மாட்டார்கள். சட்டம் என்று ஒன்றும் எழுதிவைக்கவில்லை. தட்டில் கடைசியாக இருக்கும் இனிப்புத் துண்டை யாரும் எடுப்பதில்லையே, அதுபோலத்தான். எப்போதாவது ஒரு கொசுக்கடி போல ஒருவரை ஒருவர் தொட்டுவிட்டால் உடனே மன்னிப்பு. காபி நேரம் வந்ததும் பாஸ்டர் எல்லோருடைய உயிர்ப்புள்ளிகளையும் பார்த்து, ஏறக்குறையச் சமம்தான் என்று தீர்ப்புச் சொல்லிப் பெட்டியை மூடுவார். யாரும் ஜெயித்ததில்லை, யாரும் தோற்றதில்லை. எனக்கு இந்த ஊரில் வேறு பேச்சுத்துணை கிடையாது என்பது தங்களுக்குத் தெரியும். கல்யாணம் செய்துகொள்ளவும் பயந்தவன் நான். செவ்வாய்க்கிழமை பேசியதை வைத்துத்தான் மற்ற நாளை ஓட்டுகிறேன்.

இப்படி இருந்தவனுக்குத்தான் தாங்கள் யோசனை எழுதினீர்கள். வகைக்கு ஒன்றாகச் சேர்த்தால் வேண்டிய நேரத்தில் வேண்டியது கைக்கு வராது, நல்ல சீட்டாகப் பார்த்து நாலு நாலு வை என்றீர்கள். மதில்களையெல்லாம் எடுத்து எறி, ஜெயிக்க வழியில்லாத கட்டு எவ்வளவு பாதுகாப்பாக இருந்து என்ன பயன் என்று கேட்டீர்கள். சக்தி அதிகம் கேட்காத குட்டிப்பூதங்களை முதல் சுற்றிலிருந்தே இறக்கு, அவற்றின் பலத்தை இரட்டிப்பாக்கும் போர்முரசைக் கையில் வைத்திரு, பலரையும் தொட்டுத் தொட்டு விடாமல் ஒரே ஆள் மேல் மொத்தமாகப் பாய், அதுவும் மெதுவாக வளர்கிறவரை முதலில் முடி, வளரவிட்டால் தாங்காது என்று அடிக்கோடு வேறு போட்டிருந்தீர்கள். பாலத்து வரைபடத்தில் என்ன போட்டிருக்கிறதோ அதன்படி நடந்தே பழகியவன் நான். அப்படியே செய்தேன்.

போன செவ்வாய் முதல் சுற்றில் ஒரு பூதம் இறக்கினேன். டெல்மர் எட்டிப் பார்த்து, சின்னதாக நன்றாயிருக்கிறது என்றார். இரண்டாம் சுற்றில் மேலும் இரண்டு. மூன்றாம் சுற்றில் மேசையின் என் பக்கம் கொசகொசவென்று ஆகிவிட்டது, லொரீன் தன் காபிக் கோப்பையைக் கொஞ்சம் நகர்த்தி இடம் விட்டாள். நாலாம் சுற்றில் முரசு கைக்கு வந்தது. நாலு வைத்தால் வராமல் என்ன செய்யும்? பாஸ்டரிடம் அப்போது ஒரே ஒரு மரக்கன்று. அதைக் குறுக்கே நிறுத்தவும் அவருக்குத் தோன்றவில்லை. அடி நிஜமாகவே வரும் என்று அவர் நினைக்கவே இல்லை அண்ணா. மொத்தப் பூதங்களையும் அவர் மேல் அனுப்பினேன். இருபது உயிரும் போயிற்று. படபடப்பில் மன்னிப்புக் கேட்க மறந்தேன். அதுகூடப் பரவாயில்லை, அங்கே அரிசோனாவில் செய்கிறீர்கள் என்று எழுதியிருந்தீர்களே, அதேபோல் மேசையை ஒரு தட்டுத் தட்டி, "முடிஞ்சுது" என்றேன்.

அந்த அறையில் வெந்நீர்க் கொதிகலன் சத்தம் போடும் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

"ஓ," என்றார் பாஸ்டர். சீட்டுகளை மடியில் அடுக்கிக்கொண்டே, "இது வித்தியாசமா இருக்கே ஆர்விட்," என்றார்.

தாங்கள் தெற்கே போய் ரொம்ப நாளாகிவிட்டது, ஆனாலும் இந்த ஊரில் அதைவிடப் பெரிய வசை கிடையாது என்பதை மறந்திருக்க மாட்டீர்கள். நம் அம்மா ஒரே ஒரு ஆளைப் பார்த்துத்தான் அப்படிச் சொன்னாள், அவன் அதற்கப்புறம் குடும்பத்தோடு டகோட்டாவுக்கே போய்விட்டான். டெல்மர் கூரையைப் பார்த்துக்கொண்டு, அப்படியும் ஒருத்தர் ஆடலாம்தான் என்றார். லொரீன் காபியைப் பார்த்து வருவதாக எழுந்து போனாள். காபி மேசை மேலேயே இருந்தது.

அதோடு நின்றிருந்தால் மானமாவது மிஞ்சியிருக்கும். மிச்ச ஆட்டத்தில் தோற்றுவிடலாம் என்று நான் படாதபாடு பட்டேன். தோற்க முடியவில்லை. தாங்கள் கட்டிக்கொடுத்த கட்டில் எந்தச் சீட்டை எடுத்தாலும் பூதம். அடிக்காமல் சும்மா உட்கார்ந்து பார்த்தேன். லொரீன், "அடிக்கணும்னா அடிங்க ஆர்விட், எங்களுக்காகப் பாக்காதீங்க," என்று தலைநிமிராமல் சொன்னாள். அதற்குமேல் அடிக்காமலிருந்தால் அவர்களை இளக்காரம் செய்வதாகிவிடும். டெல்மரின் பறவைகளை அடித்தேன். கொக்கு ஒன்று இருந்தது, அதையும். கடைசியில் லொரீனை. காபி நேரத்துக்கு முன்பே ஆட்டம் முடிந்துபோய், பெட்டியை மூட யாருக்கும் கை வராமல் உட்கார்ந்திருந்தோம். மூவரும் ஒவ்வொருவராக என்னிடம், நன்றாக ஆடினீர்கள் என்று சொல்லிவிட்டுத்தான் கோட்டு மாட்டினார்கள். அந்த மரியாதையை நினைத்து நடுராத்திரியில் எழுந்து உட்காருகிறேன்.

அதற்குப் பிறகு நடப்பதைக் கேளுங்கள். வியாழக்கிழமை லொரீன் உருளைக்கிழங்கும் இறைச்சியும் அடுக்கிச் சுட்ட ஹாட்டிஷ் செய்து எடுத்துவந்து கொடுத்தாள். சாவு வீட்டுக்குத்தான் கேட்காமல் கொண்டுவருவார்கள். சரி, அன்பு என்றே வைத்துக்கொண்டு பாத்திரத்தைக் கவிழ்த்துப் பார்த்தேன். அவளுடைய கண்ணாடித் தட்டாக இருந்தால் அடியில் டேப் ஒட்டிப் பேர் எழுதியிருக்கும். கழுவிக் கொண்டுபோய்க் கொடுக்கலாம், வாசலில் நின்று நாலு வார்த்தை பேசலாம். இது அலுமினியத் தகட்டுத் தட்டு. தின்றுவிட்டுத் தூக்கிப்போடுகிற தட்டு. திருப்பித் தர வீட்டுப்பக்கம் வரவேண்டாம் என்பதை ஒரு பெண்பிள்ளை இதைவிட எப்படித் தெளிவாகச் சொல்லுவாள்? நல்ல ருசிதான், ஆனால் பாதியிலேயே மூடிவைத்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை டெல்மர் தன் டிராக்டரைக் கொண்டுவந்து என் வாசல் பனியை ஒதுக்கிவிட்டுப் போனார். நான் கோட்டைத் தேடி மாட்டிக்கொண்டு ஓடுவதற்குள் போயே போய்விட்டார். வழக்கமாக ஸ்டியரிங்கிலிருந்து இரண்டு விரல் தூக்கி வணக்கம் சொல்வார். இம்முறை ஒரு விரல்தான் தூக்கினாரென்று நினைக்கிறேன், என் ஜன்னல் கண்ணாடியில் பனி படிந்திருந்ததால் சத்தியம் செய்ய முடியாது. இன்று காலையில் பாஸ்டரே போன் செய்தார். குரல் வழக்கத்தைவிட இனிமையாக இருந்தது. செவ்வாய்க்கிழமை அவசியம் வந்துவிடுங்கள் என்றார். இந்த வாரம் இனிப்பு என் முறை, எலுமிச்சை கேக் துண்டுகள் செய்து எடுத்துவருகிறேன் என்றேன்.

"வேண்டாம் ஆர்விட், நீங்க எதுவும் கொண்டு வரவேண்டாம். நீங்க வந்தாப் போதும்."

அண்ணா, இந்த ஊரில் ஒரு மனுஷனைப் பார்த்து ஒன்றும் கொண்டுவராதே என்று யார் சொல்லியிருக்கிறார்கள்? பாலத்தை மூடுவதற்கு முந்தின நாள் நாங்கள் இப்படித்தான் அந்தப் பக்கத்து ஜனங்களிடம் இனிமையாகப் பேசுவோம். மூணு பேரும் உட்காந்து, ரொம்ப மரியாதையா, வேற யாரையோ சேத்துக்கிட்டோம்னு சொல்லப்போறாங்க. எனக்குக் கேக்குது அந்தப் பேச்சு. பயமா இருக்குண்ணா. சாப்பிடப் பிடிக்கல, வாசல்ல கார் சத்தம் கேட்டா சமையல்கட்டு விளக்க அணைச்சிடறேன்.

ஆகவே தாங்கள்தான் கெடுத்தீர்கள், தாங்களேதான் சரிசெய்து தரவேண்டும். இந்தக் கட்டைக் கெடுக்க வழி சொல்லுங்கள். வெளியே தெரியாமல் கெடுக்க வேண்டும். பழைய மதில்களைத் திரும்பச் சேர்த்தால் குற்றவாளி தலைகுனிந்து வருவதுபோல் ஆகிவிடும், எல்லோருக்கும் சங்கடம். முரசை எடுத்துவிடலாமா? முரசு எங்கே என்று டெல்மர் கேட்டால் என்ன சொல்வேன்? சக்தி மட்டும் தருகிற நிலச் சீட்டுகளை அதிகமாக்கினால் கைக்கு வெறும் நிலமாக வரும், பூதம் வராது, அதிர்ஷ்டம் கெட்டுப்போய்த் தோற்கிறான் பாவம் என்று நினைப்பார்கள் என்று யோசித்தேன். எத்தனை சேர்த்தால் சந்தேகம் வராது? இயல்பாகத் தோற்க வேண்டும், பாஸ்டருடைய மரம் வளரும்வரை பிழைத்திருந்து அதனடியில் நசுங்க வேண்டும். நான் கேட்பது அவ்வளவுதான்.

தங்களைக் குற்றம் சொல்வதாக நினைக்கவேண்டாம். சொல்லத்தான் சொல்கிறேன், ஆனாலும் நினைக்கவேண்டாம். அண்ணிக்கு என் நமஸ்காரம். பேரன் பேத்திகளை ஆண்டவர் எல்லா ஆபத்திலிருந்தும், முக்கியமாகச் சீட்டாட்டத்திலிருந்தும் காப்பாராக.

என்றும் தங்கள் சொல்லைத் தட்டாத (அதனால்தான் இத்தனையும்) தம்பி,
ஆர்விட் டோலெஃப்சன்

பின்குறிப்பு: புதன்கிழமை. தபால்தலை வாங்க வெளியே போகப் பயந்துகொண்டு கடிதத்தை அனுப்பவில்லை. நேற்றுப் போனேன். படியிறங்கும்போதே மூவரும் எனக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருந்தார்கள், ஒருவர் முகத்திலும் சிரிப்பில்லை. சீட்டுப் போட்டோம். டெல்மரின் பறவைகள் இரண்டாம் சுற்றிலேயே என் மேல் பாய்ந்தன. எல்லாம் பருந்து, ஒரு கொக்கு இல்லை. பாஸ்டரிடம் மரமே கிடையாது, தீ மட்டும்தான், என் பூதங்களை வரிசையாகக் கொளுத்தினார். லொரீனுடைய மந்திரங்கள் அத்தனையும் இப்போது விஷம். காலமெல்லாம் ஊர்ப் பிள்ளைகளுக்குச் சமைத்துப்போட்ட பெண் அண்ணா, எனக்கு விஷம் வைத்துவிட்டு, "இனிப்பு இன்னொரு துண்டு எடுத்துக்கங்க ஆர்விட்," என்றாள். மூன்றாம் சுற்றில் நான் காலி. "மூணு வருஷமா யாராச்சும் ஆரம்பிக்க மாட்டாங்களான்னு பாத்துக்கிட்டே இருந்தேன்," என்றார் டெல்மர், "நாமளா ஆரம்பிச்சா நல்லா இருக்காதுல்ல." பிறகு அவர்களுக்குள்ளேயே அடித்துக்கொண்டார்கள். ஒருவரும் யாரிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை. முதலில் செத்தவர்தான் காபி ஊற்ற வேண்டும் என்று பாஸ்டர் அங்கேயே சட்டம் போட்டார். மூன்று பேருக்கும் ஊற்றினேன். அவசரத்தில் லொரீன் சட்டை மேல் கொஞ்சம் கொட்டிவிட்டேன், அவள் என்னைக் கண்டபடி திட்டினாள். இத்தனை வருஷத்தில் இந்த ஊரில் என்னை உரிமையோடு திட்டிய முதல் ஆள் அவள்தான்.

ஆகவே மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிடுங்கள். கட்டைக் கெடுக்க வழி வேண்டாம். விஷத்துக்கு மாற்றுச் சீட்டு எது, தீக்கு எது, நாலு நாலாக உடனே அனுப்புங்கள். பயம் போகவில்லை, அதிகமாகித்தான் இருக்கிறது. இன்று பொழுது விடிந்ததிலிருந்து லொரீன் அடுத்து என்ன வைத்திருப்பாள் என்றே யோசித்துக்கொண்டிருக்கிறேன். வருகிற செவ்வாய்க்கிழமை பாஸ்டரம்மாதான் காபி ஊற்ற வேண்டும்.